அழைப்பு இல்லாத வேகம்: குன்னூர் இறக்கத்தில் ஒரு ரோந்து வண்டியும் கவிழ்ந்த பிக்கப்பும்

இந்த ஆய்வில் வரும் நிகழ்வு ஒரு மாதிரி நிகழ்வு. எந்தத் தனி விபத்தையும், எந்த நிலையத்தையும், எந்த ஆளையும் இது குறிக்கவில்லை. நீலகிரி மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பழக்கமான ஒரு சூழலை எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் பார்க்கும்படி நேரத்தையும் தூரத்தையும் நாங்கள் பொருத்தியிருக்கிறோம். சாலை அளவுகோல்களும் சட்டப் பிரிவுகளும் நடைமுறையில் உள்ளவை.

நிகழ்வு

அக்டோபர் மாதம், மாலை 5.40. வடகிழக்குப் பருவமழையின் தூறல். பனி இன்னும் இறங்கவில்லை, ஆனால் தார் நனைந்து கிடக்கிறது. குன்னூரிலிருந்து பர்லியார் பக்கம் ஒரு போலீஸ் ரோந்து வண்டி இறங்குகிறது. உள்ளே ஓட்டுநர், இடது முன் சீட்டில் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்), பின்னால் இரண்டு காவலர்கள். கீழே சோதனைச் சாவடியில் பகல் டூட்டி பார்ப்பவர்களை 6 மணிக்கு மாற்றிவிட வேண்டும். வண்டி மதியம் தபால் கொடுக்கப் போய்த் திரும்பத் தாமதமானதால், கிளம்பும்போதே 15 நிமிடம் பின்தங்கிவிட்டது. வயர்லெஸ் மைக்கில் எந்த அழைப்பும் வரவில்லை. மேலே சிவப்பு நீல விளக்கு சுற்றுகிறது, சைரன் போடவில்லை.

முன்னால் ஓர் அரசுப் பேருந்து இரண்டாவது கியரில் 25 கி.மீ. வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பலகை 30 என்கிறது.

“ஆறு மணிக்கு ரிலீஃப் கொடுக்கணும்ப்பா, பஸ்ஸைத் தாண்டிப் போயிடு.”

“சரிங்கய்யா.”

ரோந்து வண்டி 55-ஐத் தொட்டு, பேருந்தை வலப்பக்கம் முந்துகிறது. அது ஒரு மூடிய வளைவு, அதிகபட்சம் 45 மீட்டர்தான் பார்வை கிடைக்கும். எதிரே மேட்டுப்பாளையத்திலிருந்து மளிகைச் சரக்கு ஏற்றிய பிக்கப் 25 கி.மீ. வேகத்தில் ஏறி வருகிறது. தன் பாதையில் விளக்குச் சுற்றும் ஜீப்பைக் கண்ட பிக்கப் ஓட்டுநர் இடப்பக்கம் ஒடிக்கிறார். அங்கே மலையோர வடிகால். முன் சக்கரம் வடிகாலில் இறங்க, வண்டி இடப்புறம் சரிந்து விழுகிறது. ஓட்டுநருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிவு. ரோந்து வண்டி பேருந்துக்கும் பிக்கப்புக்கும் இடையே புகுந்து, எதையும் உரசாமல் கடந்துவிடுகிறது.

அடுத்த வளைவு தாண்டியதும் மைக்கில் தகவல் போகிறது: பிக்கப் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, 108-க்குச் சொல்லவும். கண்டவர்கள் சொல்வது போன்ற தகவல் அது, காரணமானவர்கள் சொல்வது போன்றது அல்ல. இரவு பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் பிக்கப்பை அதன் ஓட்டுநர் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” ஓட்டிக் கவிழ்த்தார் என்று எழுதப்படுகிறது. அடிபட்டவரே குற்றவாளி. ரோந்து வண்டி அந்த அறிக்கையில் எங்கும் இல்லை.

தொடாமல் நடக்கும் விபத்து என்பதால்தான் இந்த நிகழ்வை எடுத்தோம். மோதினால் பெயின்ட் ஒட்டும், பம்பர் நெளியும், மறைக்க முடியாது. மலைப்பாதையிலோ ஒதுங்க இடமில்லாததால், வேகமாக வந்தவர் தப்பிப் போவதும் விலகியவர் விழுவதும் எளிதாக நடந்துவிடுகிறது. ஒரு பக்கம் வடிகால், மறுபக்கம் தடுப்புச்சுவர், அதற்கப்பால் பள்ளம்.

45 மீட்டரில் என்ன முடியும்

வண்டி நிற்கும் தூரம் இரண்டு பகுதி. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கில் அழுந்தும் வரை ஓடும் தூரம் ஒன்று, பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மற்றொன்று. முதல் பகுதிக்கு 1.5 வினாடி எடுத்துக்கொண்டோம். இது விழிப்பான ஓட்டுநருக்குக் கொடுக்கும் சலுகை. இந்தியச் சாலைப் பேரவையின் கணக்கில் 2.5 வினாடி. உலர்ந்த தாரில் உராய்வுக் குணகம் (டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பின் அளவு) 0.7, நனைந்த தாரில் 0.4, இறக்கச் சரிவு 6 சதவீதம் என்று வைத்தால்:

30 கி.மீ. வேகத்தில்: உலர்ந்த சமதளத்தில் 18 மீட்டர், நனைந்த இறக்கத்தில் 23 மீட்டர்.
40 கி.மீ. வேகத்தில்: 26 மீட்டர், 35 மீட்டர்.
55 கி.மீ. வேகத்தில்: 40 மீட்டர், 58 மீட்டர்.

ஏறி வரும் பிக்கப் 25 கி.மீ. வேகத்தில் நிற்க 16 மீட்டர் போதும், மேடு அதற்கு உதவி செய்கிறது. ஒரே பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளும் மோதாமல் நிற்க வேண்டுமென்றால் இரண்டு தூரங்களின் கூட்டல் பார்வைத் தூரத்துக்குள் அடங்க வேண்டும். 55-ல் இறங்கினால் 58-ம் 16-ம் சேர்ந்து 74 மீட்டர். கண்ணுக்குத் தெரிவதோ 45. இருவரும் எவ்வளவு திறமையாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க வழியில்லை. ஒருவர் சாலையை விட்டு விலகியே ஆக வேண்டும். 30-ல் இறங்கியிருந்தால் 23-ம் 16-ம் சேர்ந்து 39. ஆறு மீட்டர் மிச்சம்.

முந்தியதைத் தனியாகப் பார்க்கலாம். பேருந்தின் நீளம் 11 மீட்டர், ஜீப் சுமார் 4-5 மீட்டர், முன்னும் பின்னும் இடைவெளி தலா 10 மீட்டர் என்று வைத்தால், பேருந்தைவிட 36 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். வேக வித்தியாசம் 30 கி.மீ., அதாவது வினாடிக்கு 8.3 மீட்டர். ஆக 4.3 வினாடி வேண்டும். அந்த நேரத்தில் ஜீப் 66 மீட்டர் ஓடும், எதிரே வரும் பிக்கப் 30 மீட்டர் ஏறும். முந்தத் தொடங்கும்போதே குறைந்தது 96 மீட்டர் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது அதில் பாதிகூட இல்லை. இந்த வளைவில் முந்துவதைத் துணிச்சல் என்றோ அனுபவம் என்றோ சொல்ல ஒன்றுமில்லை. எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மட்டுமே அது நடக்க முடியும்.

சாலையே இந்த வேகத்துக்காகப் போடப்பட்டதல்ல. மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைப் பேரவை அளவுகோலில், நின்றுவிடத் தேவையான பார்வைத் தூரம் 30 கி.மீ. வேகத்துக்கு 30 மீட்டர், 40-க்கு 45 மீட்டர், 50-க்கு 60 மீட்டர். 45 மீட்டர் பார்வை உள்ள வளைவு என்றால் அது 40 கி.மீ. வளைவு, அதுவும் தன் பாதையில் தான் மட்டும் போகிறவருக்கு. கொண்டை ஊசி வளைவுக்கான வடிவமைப்பு வேகம் 20 கி.மீ., உள்வளைவின் ஆரம் குறைந்தது 14 மீட்டர். வண்டி ஓடும் தடத்தின் ஆரம் 17 மீட்டர் என்று வைத்து, நனைந்த தாரில் சாலையின் உட்சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், 33 கி.மீ. அளவில் டயர் பிடியை இழக்கத் தொடங்கும். டயர் தேய்ந்திருந்தால், வளைவில் மண்ணோ டீசலோ சிந்தியிருந்தால் அதற்கும் முன்பே.

இன்னொன்று வெளியே தெரியாது. 55 கி.மீ. வேகத்தில் இறங்க மூன்றாவது, நான்காவது கியர் வேண்டும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வதற்குக் காரணம் எஞ்சின் பிடி, அதாவது கீழ்க் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது. குன்னூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். இரண்டு டன் வண்டி 1,500 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 29 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். இரண்டாவது கியரில் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மேல் கியரில் அல்லது நியூட்ரலில் போனால் அத்தனையும் பிரேக் டிஸ்க்குக்கும் லைனிங்குக்கும் போகும். புது டாட்-3 பிரேக் ஆயில் கொதிக்க 205 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரி வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. முதல் நான்கு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக் பத்தாவது வளைவில் பிடிக்காமல் போவது இப்படித்தான். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14, உதகை - மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36. கல்லட்டியில் வெளியூர்ப் பதிவெண் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு வைத்திருப்பதும் இதே காரணத்தால்.

இவ்வளவுக்கும் மிச்சமானது எவ்வளவு? உதாரணமாக 12 கி.மீ. தூரத்தை சராசரி 30-ல் கடக்க 24 நிமிடம், சராசரி 40-ல் 18 நிமிடம். ஆறு நிமிடம். அதுவும் கணக்கில் மட்டும்தான். நடுவில் ஒரு பேருந்து, சாலையில் நிற்கும் ஒரு காட்டுமாடு, வளைவில் பின்வாங்கித் திருப்பும் ஒரு லாரி போதும், அந்த ஆறு நிமிடம் இரண்டாகிவிடும். கிளம்பும்போது இழந்த 15 நிமிடத்தை மலைப்பாதையில் மீட்கவே முடியாது.

விலக்கு யாருக்கு, எப்போது

“போலீஸ் வண்டிக்கு ஸ்பீட் லிமிட் கிடையாது” என்பது காவலர்களிடமும் மக்களிடமும் ஊறிப்போன நம்பிக்கை. சட்டத்தில் அப்படி இல்லை. 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் வண்டிகள் வேக வரம்பை மீற இடம் கொடுப்பது, உயிரைக் காக்கவோ பெருந்தீங்கைத் தடுக்கவோ போகும் மிக அவசரமான அழைப்பின்போதுதான். அப்போதும் ஒளி, ஒலி எச்சரிக்கை இயங்க வேண்டும். அப்போதும் ஓட்டுநரின் கவனப் பொறுப்பு நீங்காது. விலக்கு அழைப்போடு வருகிறது, அழைப்பு முடிந்ததும் போய்விடுகிறது. டூட்டி மாற்றப் போவது, தபால் கொடுப்பது, அதிகாரியை வீட்டில் விடுவது, ரோல் காலுக்குத் திரும்புவது, டீசல் போடப் போவது எதுவும் இதில் சேராது. நமது நிகழ்வில் மைக் பதிவேட்டில் அழைப்பே இல்லை. ஆகவே ரோந்து வண்டி அந்த வளைவில் மற்ற எந்தக் காரையும் போன்ற ஒரு வண்டிதான். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்ற மலைச்சாலை விதியும் அதற்குப் பொருந்தும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிவேகத்துக்கான 183-ம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பின் இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அபாயகரமாக ஓட்டுவதற்கு 184-ம் பிரிவு. பலரும் கவனிக்காதது அதே திருத்தத்தில் சேர்ந்த 210பி: இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவர்களே அதை மீறினால் தண்டனை இருமடங்கு. வேகத்துக்கு சலான் போடும் துறை அதே சாலையில் வேகமாகப் போவதை சாதாரண மீறலாகச் சட்டம் பார்க்கவில்லை.

134-ம் பிரிவையும் இங்கே படிக்க வேண்டும். வாகனம் சம்பந்தப்பட்ட விபத்தில் ஒருவர் காயமடைந்தால் ஓட்டுநர் நின்று, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, தகவல் தர வேண்டும். சம்பந்தப்பட்டிருந்தால் போதும், மோதியிருக்க வேண்டியதில்லை. மைக்கில் 108-க்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டது இந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) வரும், கூடவே 281. அவை வர வேண்டியது ரோந்து வண்டி ஓட்டுநர் மீது, பிக்கப் ஓட்டுநர் மீது அல்ல.

ஏன் இப்படி ஓட்டுகிறார்கள்

ஓட்டுநரை மட்டும் தண்டித்து முடித்தால் அடுத்த மாதம் அதே வளைவில் வேறொரு ஓட்டுநர் அதையே செய்வார். இந்த நிகழ்வில் வேகத்தை முடிவு செய்தது இடது சீட். எஸ்.எஸ்.ஐ. “தாண்டிப் போ” என்றதும், ஆயுதப்படையிலிருந்து ஓட்டுநர் பணிக்கு வந்த ஒரு காவலர் “முடியாதுங்கய்யா, வளைவு” என்று சொல்வது எளிதல்ல. சொன்னால் மறுநாள் அவருக்கு வேறு டூட்டி வரக்கூடும். காவல் துறையில் விசாரணை வந்தால் ஓட்டுநரின் பெயர் முதலில் வரும், இடது சீட்டில் இருந்தவர் சாட்சியாகிவிடுவார். அந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும்.

அதற்கும் பின்னால் ஒரு நேர அட்டவணை இருக்கிறது. மலை நிலையங்களில் வண்டி குறைவு. ஒரே வண்டி தபாலுக்கும் ரோந்துக்கும் டூட்டி மாற்றத்துக்கும் ஓடுகிறது. சமவெளியில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மூன்று வேலைகளை மலையிலும் அதே நேரத்தில் அடுக்கினால், மிச்சப்படுத்தும் இடம் சாலை ஒன்றுதான். அட்டவணை போட்டவர் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கவில்லை, ஆனால் 55-ல் அவருக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது காரணம் பழக்கம். உண்மையான அழைப்புக்கு ஓடும்போது வரும் வேகம் திரும்பி வரும்போது தானாகக் குறைவதில்லை. மண்சரிவுக்கோ, யானை குறுக்கிட்ட இடத்துக்கோ விரைந்து போய்விட்டு, வேலை முடிந்து நிதானமாகத் திரும்ப வேண்டிய பாதையிலும் கால் அதே அழுத்தத்தில் இருக்கும். விளக்கு எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பதால் எது அவசரம், எது இல்லை என்ற வித்தியாசம் ஓட்டுநருக்கே மங்கிவிடுகிறது.

மே மாத சீசனில் நான்காவது ஒன்று சேரும். மலர்க் கண்காட்சி பந்தோபஸ்துக்குச் சமவெளி மாவட்டங்களிலிருந்து வண்டிகளும் ஓட்டுநர்களும் மேலே வருகிறார்கள். நெடுஞ்சாலையில் திறமையாக ஓட்டுகிறவர்கள்தான். ஆனால் எஞ்சின் பிடியில் இறங்கிப் பழகாதவர்கள். டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் உள்ளவர்களும் உண்டு. சீசனில் மேட்டுப்பாளையம் - குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாடு வரும்போது, எதிரே வண்டி வராது என்று நம்பி வேகம் இன்னும் கூடும். உள்ளூர் வண்டிகளும் பேருந்துகளும் எதிரே வரவே செய்யும்.

சைரன் போட்டிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்கலாம். மலைப்பாதையில் சைரனை நம்ப முடியாது. ஒலி பாறையில் மோதித் திரும்புவதால் முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா என்று தெரியாது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் உறுமும் எஞ்சினுக்குள் அது வளைவு திரும்பும் வரை கேட்காது. கேட்டாலும் ஒதுங்க இடமில்லை. அவசியமில்லாமல் சைரன் போடுவதால் வரும் கேடு வேறு: மக்கள் அதைப் பொருட்படுத்தாமல் போகப் பழகுவார்கள், பிறகு நிஜமான 108 வரும்போதும் வழிவிட மாட்டார்கள். அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அந்தச் சட்டத்தின் மதிப்பைக் காப்பது சைரனை வைத்திருப்பவர்கள் கையில் இருக்கிறது.

தொடாத விபத்தில் சாட்சி எங்கே கிடைக்கும்

நனைந்த தாரில் டயர் தேய்ந்த கோடு விழாது, ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் உலர்ந்த தாரிலேயே மங்கலாகத்தான் விழும். ஆகவே சாலையைப் பார்த்து வேகத்தைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

முதலாவது கட்டுப்பாட்டு அறையின் மைக் பதிவேடு. 5.20 முதல் 5.45 வரை இந்த வண்டியின் அழைப்புப் பெயருக்கு ஏதாவது உத்தரவு போனதா? போகவில்லை என்றால் அவசரம் என்ற வாதம் அங்கேயே முடிந்தது. பிறகு நிலையத்தின் பொது நாட்குறிப்பும் வண்டியின் லாக் புத்தகமும். லாக் புத்தகத்தில் கிளம்பிய கி.மீ., நேரம், சேர்ந்த கி.மீ., நேரம், போன காரணம் இருக்கும். நேரங்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு முழுமையாக்கி எழுதப்படுவதால் வேகம் கணக்கிட அவற்றை நம்ப வேண்டாம். காரணத்தை மட்டும் பாருங்கள். அன்று என்ன எழுதப்பட்டது, பிறகு என்ன சேர்க்கப்பட்டது என்பது மையின் நிறத்திலும் வரி இடைவெளியிலும் தெரிந்துவிடும். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் அதன் பதிவு எல்லாவற்றுக்கும் மேல்.

இரண்டாவது கேமராக்கள். சாலையோரக் கடை ஒன்றிலும் சாவடியிலும் கேமரா இருக்கிறது, இரண்டுக்கும் இடையே 4.2 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரோந்து வண்டி ஆறு நிமிடத்தில் கடந்திருந்தால் சராசரி 42 கி.மீ. கேமராக் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. 40 வினாடி முன்னே பின்னே இருந்தாலும் சராசரி 38-க்கும் 47-க்கும் இடையில்தான் வரும், 30-க்குக் கீழே இறங்காது. கடிகார வித்தியாசத்தைச் சரிசெய்ய எளிய வழி, அன்றைக்கே இரண்டு கேமராத் திரைகளையும் ஒரே கைபேசி நேரத்தோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்வது. கடைக் கேமராக்களில் பழைய பதிவு சில நாளிலேயே அழிந்து புதியது ஏறிவிடும். அதனால் முதல் இரண்டு நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவது பேருந்து. அதன் ஓட்டுநரும் நடத்துநரும் முந்தியதைப் பார்த்தவர்கள். டிக்கெட் மெஷினில் ஒவ்வொரு டிக்கெட்டின் நேரமும் நிறுத்தமும் பதிவாகும். பேருந்து எந்த நேரத்தில் எந்த வளைவில் இருந்தது என்பது அதிலிருந்து கிடைக்கும். துறை வண்டிக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயங்குவார்கள். அவர்கள் அன்றாடம் போய் வரும் சாலை இது. விசாரணை வேறு உட்கோட்டத்துக்கு மாறினால் அந்தத் தயக்கம் பாதியாகக் குறையும்.

நான்காவது கவிழ்ந்த பிக்கப்பே. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது எந்தக் கியரில் நின்றது என்று குறித்தாரா? இரண்டாவது கியரில் இருந்திருந்தால், சரக்கோடு மேட்டில் அது அதிவேகமாக வந்தது என்பது நிற்காது. வடிகாலில் சக்கரம் இறங்கிய கோணம், சரக்கு எவ்வளவு தூரம் சிதறியது, இரண்டையும் டேப் வைத்து அளந்து படமெடுக்க வேண்டும். மீட்புக்கு கிரேன் வருவதற்குள் செய்தால்தான் உண்டு. ஐராட் செயலியில் விபத்தைப் பதியும்போது சம்பந்தப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை “1” என்று போய்விட்டால், பிறகு எல்லா ஆவணமும் அதையே சுமந்து செல்லும். அங்கேயே “2” என்று பதிவாக வேண்டும், எண் தெரியாவிட்டால்கூட.

நிலைய அளவில் மாற்ற வேண்டியவை

எங்கள் கருத்தில் இதில் முக்கியமானது ஒன்றுதான்: அவசர வேகத்துக்குக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி, தொடங்கிய நேரத்தோடும் முடிந்த நேரத்தோடும். “அவசரம், கிளம்பு” என்று மைக்கில் வந்தால் பதிவேட்டில் நேரம் விழும். இடத்துக்குச் சேர்ந்ததும் “சேர்ந்தோம்” என்று சொல்ல, அவசரம் அங்கே முடியும். திரும்பும் பயணம் எப்போதும் சாதாரணப் பயணம். விளக்கு அணைந்திருக்க வேண்டும். நேரில் பார்த்த அவசரத்துக்கு அனுமதி கேட்க நேரமிருக்காது, அப்போது “அவசரமாகப் போகிறோம்” என்று ஒரு வரி மைக்கில் சொன்னால் போதும். கூடுதல் செலவு இல்லை. வாரம் ஒருமுறை ஜி.பி.எஸ். பதிவில் 40-ஐத் தாண்டிய ஒவ்வோர் இடத்தையும் மைக் பதிவேட்டோடு ஒப்பிட்டால், எது அழைப்பில்லாத வேகம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டை டி.எஸ்.பி. அலுவலகத்தில் செய்ய வேண்டும், நிலையத்திலேயே செய்தால் பயனில்லை.

விளக்கம் கேட்கும் மெமோ முதலில் இடது சீட்டில் இருந்தவருக்குப் போகட்டும். டூட்டி மாற்றத்துக்கு அரை மணி நேர இடைவெளி வைத்து, தாமதமானால் கீழே உள்ளவர்கள் அதுவரை நிற்பார்கள் என்று எழுத்தில் இருக்கட்டும். அந்த அரை மணி நேரத்துக்கு அவர்களுக்கு ஈடும் கொடுக்க வேண்டும்.

வண்டிப் பராமரிப்பில் பார்க்க வேண்டியவை: டயர் பள்ளம் 1.6 மி.மீ. சட்ட வரம்பு, மழைக்காலத்தில் மலைக்கு 3 மி.மீ.-க்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன் முழுவதும் மாற்ற வேண்டும். மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. சீசனுக்கு மேலே வரும் ஓட்டுநர்களை முதல் நாள் உள்ளூர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை இறக்கிக் காட்ட வேண்டும், இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து.

அடிபட்டவருக்கு என்ன வழி

பிக்கப் ஓட்டுநர் தன் மீதான அறிக்கையை அப்படியே ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. ரோந்து வண்டி முந்தி வந்ததை மருத்துவமனையிலேயே வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதும் முதல் வரி பிற்பாடு பெரிதாகப் பேசும். நிலையத்தில் புகாரை எடுக்க மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-ன்படி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். புகாரில் “போலீஸ் வண்டி வேகமாக வந்தது” என்று மட்டும் எழுதினால் போதாது. தேதி, நேரம், எந்த வளைவு, எந்தத் திசை, விளக்கு சுற்றியதா, சைரன் இருந்ததா, பேருந்தின் வழித்தடம், எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று எழுதி, மைக் பதிவேட்டையும் லாக் புத்தகத்தையும் ஜி.பி.எஸ். பதிவையும் பாதுகாத்து வைக்கும்படி கேட்க வேண்டும். விசாரணையை வேறு உட்கோட்டத்துக்கு மாற்றக் கோரும் வரியும் அதிலேயே இருக்கட்டும். உண்மை வெளிவந்தால் நிலையம் நீதிமன்றத்துக்குப் பிரிவு மாற்ற அறிக்கை அனுப்பி, குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரையும் மாற்ற வேண்டும்.

இழப்பீடு தனி வழி. முதல் விபத்து அறிக்கையை விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-ல் நடைமுறைக்கு வந்த விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையில் ரோந்து வண்டி இருக்கிறதா என்று உடனே பாருங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்தில் சொன்ன காலம் விபத்து நடந்ததிலிருந்து 6 மாதம். அரசுக்குச் சொந்தமான, வணிகம் அல்லாத வேலைக்கு ஓடும் வண்டிகளுக்கு 146-ம் பிரிவு காப்பீட்டிலிருந்து விலக்கு தர இடமளிப்பதால், எதிர்மனுதாரராகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தேடி நாள் கடத்த வேண்டாம். ஓட்டுநரையும் அரசையும் சேர்க்க வேண்டும். அரசு வேலையில் இருந்த வண்டி என்று சொல்லி அரசு ஒதுங்கவும் முடியாது. பழுது பார்த்த அரசு ஜீப்பைத் திருப்பி ஓட்டி வரும்போது ஓட்டுநர் ஒருவர் மீது ஏற்றிய ராஜஸ்தான் வழக்கில், அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அந்த ஜீப்பும் எந்த அழைப்புக்கும் போய்க்கொண்டிருக்கவில்லை.

தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போல ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். நடத்துநரின் சாட்சியம், இரண்டு கேமரா நேரம், அழைப்பே இல்லாத மைக் பதிவேடு, இரண்டாவது கியரில் நின்ற பிக்கப் ஆகிய நான்கும் ஒரே கோப்பில் சேர்ந்தால் அந்த அளவு எட்டிவிடும். எஸ்.எஸ்.ஐ.யையும் சாட்சியாக அழைக்கும்படி மனுவில் கேட்கலாம், 5.40-க்கு வண்டி எதற்காகப் போய்க்கொண்டிருந்தது என்ற ஒரு கேள்வி போதும்.